சித்தியின் நெஞ்சுக்குள் ஒரு எலுமிச்சம்பழம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. வேலை ஜாஸ்தின்னு பொய் சொல்ல விரும்பலை. எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே விஷயம்தான் முன்னால வந்து நிக்குது. அதை எழுதாம வேற எதையும் எழுத முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால இன்னைக்கு எழுதியே விடுறேன். கொஞ்சம் நீளம். காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

எங்க ஊரு புளியங்குடி. மதுரையிலேருந்து குற்றாலத்துக்குக் கார்ல போனவங்க எல்லாரும் ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டி எங்க ஊர் வழியாத்தான் போயிருப்பீங்க. தூங்கிட்டுப் போயிருந்தா நான் பொறுப்பில்லை :-) 2019 வரைக்கும் நெல்லை மாவட்டம், இப்போ தென்காசி மாவட்டம். எலுமிச்சம்பழத்துக்குப் பேர் போன ஊரு. மார்க்கெட் பக்கம் போனா மூட்டை மூட்டையா பழம், அந்த வாசனை சட்டையில ரெண்டு நாளைக்கு நிக்கும்.

எங்க சித்தி ஒரு கமிஷன் கடையில பழம் தரம் பிரிக்கிற வேலை பாக்குறாங்க. தரையில உட்கார்ந்து பெருசு, நடுத்தரம், பொடின்னு கை பாட்டுக்குப் பிரிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கும். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை ஓடும். அம்மா வேலைக்குப் போன காலத்துல என்னை வளர்த்தது பாதி சித்திதான். நான் எஞ்சினியரிங் சேர்ந்தப்போ ஹாஸ்டல் பீஸுக்குக் காதுல கிடந்த தோடைக் கழட்டிக் கொடுத்தவங்க. இதைச் சொல்லிட்டாத்தான் பின்னால சொல்லப்போறது எவ்வளவு கேவலம்னு உங்களுக்குப் புரியும்.

போன வருஷம் சித்திக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. மூணு மாசமா இருக்கும். நெஞ்சுல விசில் மாதிரி ஒரு சத்தம். பாத்த இடத்துல வீசிங்னு சொல்லி உறிஞ்சுற மருந்து கொடுத்தாங்க. கேட்டுச்சான்னா, சில நாள் கேட்டுச்சு, சில நாள் கேக்கலை. ரெண்டு தடவை கடையில தலைசுத்தி சாஞ்சுட்டாங்க. "வெயிலு, சாப்பிடாம வந்துட்டேன்"னு அவங்களே காரணமும் சொல்லிட்டாங்க.

ஒரு நாள் ராத்திரி எனக்கு போன் பண்ணினாங்க. நான் சென்னையில ரிலீஸ் டென்ஷன்ல இருந்தேன். சித்தி சொன்னது இன்னும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு.

"எய்யா, நிமிந்து உக்காந்தா முட்டுது. எந்திரிச்சா கண்ணு இருட்டுது. வலப்பக்கமா ஒருச்சாச்சுப் படுத்தா சரியாப் போயிருது. இது என்னன்னு உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன்."

நான் பாக்கலை. "கேஸா இருக்கும் சித்தி. டென்ஷன் வேற. ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுட்டுப் படுங்க"ன்னு சொல்லி வச்சுட்டேன். பேசினது மொத்தம் ரெண்டு நிமிஷம் இருக்காது.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். ஒரு பக் வந்தா முதல்ல கேக்குற கேள்வி, "எப்போ வருது, எப்போ போகுது, என்ன பண்ணினா திரும்ப வருது?" இதைச் சரியாச் சொல்ற கஸ்டமர் கிடைச்சா கோயில் கட்டிக் கும்பிடலாம். எட்டாங்கிளாஸோட நின்ன எங்க சித்தி அதை மூணே வாக்கியத்துல சொல்லியிருக்காங்க. நான் அந்த டிக்கெட்டைப் படிக்காமலே குளோஸ் பண்ணிட்டேன்.

இன்னொண்ணு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு டாக்டர் "எதுக்கும் நெஞ்சுக்கு ஒரு எக்கோ எடுத்துருங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கார். சித்தி அதை மடிச்சு கணக்கு நோட்டுக்குள்ள வச்சுட்டாங்க. யார்கிட்டயும் சொல்லலை. ஏன்னு கடைசியில வரேன்.

அந்த ராத்திரிக்கு வருவோம். ஐப்பசி மழை. ராத்திரி ஒன்றரை மணி. சித்தி மக, என் தங்கச்சி, போன். "அண்ணே, அம்மாவுக்கு மூச்சே வர மாட்டேங்குது." பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்துட்டார். தென்காசி ரோட்டுல ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிட்டிருக்காங்க. நான் இங்க சென்னையில போனைக் காதுல வச்சுக்கிட்டு ரூமுக்குள்ள நடக்குறேன். வேற என்ன பண்ண முடியும்? இனி சொல்றதுல பாதி அந்தப் போன்ல கேட்டது, மீதி தங்கச்சியும் அந்த டாக்டரும் பிறகு சொன்னது.

டியூட்டி டாக்டர் என் வயசுதான் இருக்கும். மூச்சுத்திணறல்னு வந்தா எல்லாரும் செய்றதைத்தான் அவரும் செஞ்சிருக்கார். தலைமாட்டை உயர்த்தி நிமிர்த்தி உட்கார வச்சு ஆக்சிஜன். ஆஸ்துமா ஆனாலும் சரி, இதயம் பலவீனமாகி நுரையீரல்ல நீர் கோத்தாலும் சரி, நிமிர்ந்து உட்கார்ந்தாத்தான் ஆளுக்கு ஆசுவாசம். படுத்தாத்தான் திணறும்.

சித்திக்கு நேர் தலைகீழ். உட்கார வச்சதும் உதடு நீலமாகுது, பிரஷர் இறங்குது. தங்கச்சி கத்தியிருக்கா. "சார், எங்கம்மாவ வலப்பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வைங்க. அப்படிப் படுத்தாத்தான் அவியளுக்குச் சரியாகும். மூணு மாசமா அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காவ!"

நல்ல வேளை, "நீ வெளிய போம்மா"ன்னு அந்த மனுஷன் சொல்லலை. படுக்க வச்சுப் பாத்தார். ரெண்டு நிமிஷத்துல பிரஷர் கொஞ்சம் ஏறுது. அவருக்குப் பொறி தட்டியிருக்கு. உடம்பு திரும்பினா நோய் மாறுதுன்னா, உள்ள ஏதோ ஒண்ணு நகருது.

அந்த ஆஸ்பத்திரியில இதயத்துக்குன்னு எக்கோ மெஷின் கிடையாது. பிரசவ வார்டுல ஒரு பழைய ஸ்கேன் மெஷின் இருந்துச்சு. ஒரு பிரசவத்துக்காக வந்திருந்த டாக்டரம்மாவும் அந்நேரம் அங்கதான் இருந்தாங்க. மெஷினை உருட்டிக்கிட்டு சித்தி கட்டிலுக்கே வந்துட்டாங்க. டாக்டரம்மா புரோபைப் பிடிக்க, இவர் "இன்னும் கொஞ்சம் மேல சாய்ங்க மேடம்"னு வழி சொல்லியிருக்கார். அவருக்கு வேற ஊர்ல, பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில இந்தப் பயிற்சி கிடைச்சிருக்கு.

இங்க கொஞ்சம் டெக்னிக்கல். வேண்டாதவங்க அடுத்த ரெண்டு பத்தியைத் தாண்டிக் குதிச்சிருங்க.

கிணத்துல கல்லைப் போட்டு, சத்தம் வர்ற நேரத்தை வச்சு ஆழம் சொல்ற கதைதான் ஸ்கேனும். நம்ம காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைக்கும்தான் எட்டும். வயித்து ஸ்கேன் புரோப் அனுப்புறது 35 லட்சம் பக்கம். அந்த ஒலி உடம்புக்குள்ள நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்துல போகும். 10 செ.மீ. ஆழத்துல ஒண்ணுல பட்டுத் திரும்பி வர 130 மைக்ரோ செகண்டு. எவ்வளவு நேரத்துல வந்துச்சு, எவ்வளவு பலமா வந்துச்சு, இந்த ரெண்டையும் வச்சு ஒவ்வொரு புள்ளியா வரைஞ்சா படம். அந்த 1540-ஐ மெஷினுக்குள்ள மாறாத எண்ணா வச்சிருக்காங்க. கொழுப்பு, தசை எல்லாத்துக்கும் அதே வேகம்னு நம்பிக்கிட்டுதான் மெஷின் படம் போடுது. எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் நான். இதைப் பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். சித்தி நெஞ்சுல வைக்கிறப்போதான் அது என்னன்னு புரிஞ்சுது.

எலும்பும் காத்தும் இந்த ஒலிக்கு எதிரி. இதயத்துக்குன்னு இருக்கிற புரோப் சின்ன முகம், விலா எலும்புச் சந்துக்குள்ள எட்டிப் பாக்கும். வயித்துப் புரோப் அகலமா வளைஞ்சு இருக்கும், சந்துல சரியா உட்காராது. அதனால அவங்க நெஞ்செலும்பு முடியுற இடத்துக்குக் கீழ, மேல்வயித்துல வச்சு அழுத்தி, மேல் நோக்கிச் சாய்ச்சிருக்காங்க. ஈரல் வழியா இதயத்தை எட்டிப் பாக்குற கொல்லைப்புற வாசல் அது.

படம் வந்துச்சு. மங்கல்தான். ஆனா நாலு அறையும் தெரியுது. இடது மேலறைக்குள்ள சாம்பல் நிறத்துல ஒரு உருண்டை. ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டு வால்வுக்குள்ள இறங்குது, திரும்ப மேல போகுது. நுரையீரல்லேருந்து வர்ற ரத்தம் மேலறையிலேருந்து கீழறைக்குப் போகணும்னா அந்த மைட்ரல் வால்வு வழியாத்தான் போகணும். வாசல்லயே ஒருத்தன் குறுக்க உட்கார்ந்திருக்கான். ரத்தம் நுரையீரல்ல தேங்குது. அதுதான் மூச்சுத்திணறல், அதுதான் விசில் சத்தம். நிமிர்ந்தா உருண்டை வாசல்ல போய் நல்லா அடைச்சுக்குது, அதுதான் மயக்கம். வலப்பக்கம் சாஞ்சா விலகிக்கொடுக்குது. சித்தி சொன்ன மூணு வாக்கியமும் அப்படியே ஸ்கிரீன்ல ஓடிக்கிட்டிருந்துச்சு.

"எவ்வளவு பெருசு சார்?"னு தங்கச்சி கேட்டதுக்கு அந்த டாக்டர் யோசிக்காம சொன்ன பதில், "ஒரு எலுமிச்சம்பழம் அளவு இருக்கும்மா." எங்க ஊர்ப் பொண்ணுகிட்ட!

அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். இது இன்னதுதான்னு அடிச்சுச் சொல்லலை. ஒரு கடிதம் எழுதினார். அதோட நகல் இப்பவும் எங்கிட்ட இருக்கு. தமிழ்ல சொன்னா இவ்வளவுதான்: "இடது மேலறையில் சுமார் 4 செ.மீ. அளவில் அசையும் கட்டி. மைட்ரல் வால்வை அடைக்கிறது. மிக்ஸோமாவாக இருக்கலாம், ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம். முழு எக்கோ வேண்டும். இதய அறுவை மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தே கொண்டுசெல்லவும்."

இந்தக் கடிதம் இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்? ஆஸ்துமான்னு ஒரு வார்டு. கேக்கலைன்னா இன்னொரு ஆஸ்பத்திரி. அங்கேருந்து ஹைகிரவுண்டு (எங்க பக்கம் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியை அப்படித்தான் சொல்வோம்). ஒவ்வொரு இடத்துலயும் நிமிர்த்தி உட்கார வச்சிருப்பாங்க. அவர் நேரா மதுரையில இதய ஆபரேஷன் பண்ற ஒரு இடத்துக்குப் போன் போட்டு, ஆள் இருக்காங்களான்னு கேட்டுட்டு ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்டார். போற வழியில எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். விடிகாலையில எலுமிச்சை லாரி லோடு ஏத்திக்கிட்டு நின்னுச்சாம். சித்தி ஒருக்களிச்ச வாக்குல, "மார்க்கெட் வந்துட்டா?"ன்னு மட்டும் கேட்டாங்களாம்.

மதுரையில முழு எக்கோ எடுத்தாங்க. அடுத்த நாளே ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, மெஷின்ல ரத்தத்தை ஓடவிட்டு, ரெண்டு மேலறைக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல காம்போட ஒட்டிக்கிட்டிருந்த அதைக் காம்பைச் சுத்தி வெட்டி எடுத்துட்டாங்க. செலவுல பெரும்பகுதி முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில போச்சு. லேப் ரிப்போர்ட் பிறகு வந்துச்சு. மிக்ஸோமா. புற்று இல்லை.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு அந்த டாக்டரைப் பாக்கப் போனேன். கையில ஒரு பை எலுமிச்சம்பழம். வேற என்ன கொண்டு போறது? வாங்கிக்கிட்டு சிரிச்சார். ராத்திரி டியூட்டி முடிஞ்சு டீக்கடையில நின்னு ஒரு மணி நேரம் பேசினோம்.

இதயத்துலயே உண்டாகிற கட்டி ரொம்ப அரிதுன்னார். பெரியவங்களுக்கு வர்றதுல மிக்ஸோமாதான் அதிகம். நாலுல மூணு இடது மேலறையிலதான் இருக்கும். பெண்களுக்குக் கூடுதல். ஸ்டெதாஸ்கோப்ல கேட்டா வாதக் காய்ச்சல்ல சுருங்கின மைட்ரல் வால்வு மாதிரியே சத்தம் வரும். நம்ம நாட்டுல அந்த வால்வு நோய் நிறைய இருக்கிறதால, காதை மட்டும் நம்பினா அந்தப் பக்கம்தான் போகத் தோணும்.

"அப்போ நீங்க பாத்ததும் கண்டுபிடிச்சிட்டீங்க இல்ல?"ன்னேன்.

"இல்லைங்க. ஏதோ இருக்குன்னு மட்டும்தான் கண்டுபிடிச்சேன்"னார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். இதயத்துக்குள்ள ஒரு உருண்டையைப் பாத்தா அது பலதா இருக்கலாம். மாரடைப்பு வந்து துடிக்காத தசை மேல உறைஞ்ச ரத்தக்கட்டியா இருக்கலாம். அதுக்கு ரத்தம் உறையாம இருக்க மருந்து. காலுலேருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போற வழியில வலது பக்கம் தங்கியிருக்கிற கட்டியா இருக்கலாம். அது இன்னும் அவசரம். காய்ச்சலோட வந்தவருக்கு வால்வு மேல கிருமி கட்டின கூடா இருக்கலாம். அதுக்கு வாரக்கணக்குல ஆன்டிபயாடிக். வேற இடத்துப் புற்று பரவி வந்ததா இருக்கலாம். இதயத்துலயே உண்டாகிறதை விட அதுதான் பல மடங்கு அதிகம். மிக்ஸோமான்னா கத்தி. ஸ்கிரீன்ல எல்லாமே சாம்பல் நிறம்தான். மருந்து மட்டும் வேற வேற.

"கட்டில் பக்கத்துல வச்சுப் பாக்கிறப்போ நாங்க கேக்குறது நாலஞ்சு கேள்விதாங்க. இதயம் நல்லா அமுக்குதா? சுத்தி நீர் கட்டியிருக்கா? வலது பக்கம் வீங்கியிருக்கா? உடம்புல ரத்தம், நீர் பத்தாம இருக்கா? கட்டியைத் தேடி யாரும் வைக்கிறதில்லை. அது தற்செயலா கண்ணுல படுறது. பட்டா, தெரியாததைத் தெரியாதுன்னு எழுதி, தெரிஞ்சவங்ககிட்ட சீக்கிரம் அனுப்பணும்."

அவரே தன் தப்பையும் சொன்னார். முன்னால ஒருத்தருக்கு வலது மேலறையில ஏதோ ஆடுதுன்னு பயந்து அனுப்பியிருக்கார். அங்க பாத்தா அது நோயே இல்லை. கருவுல இருக்கும்போது ரத்தத்துக்கு வழி காட்டிட்டு, பிறந்த பிறகு சிலருக்கு வேலையில்லாம அப்படியே நிக்கிற ஒரு சதை மடிப்பாம். அந்தக் குடும்பம் வண்டி வாடகை, ரெண்டு நாள் தூக்கம் எல்லாத்தையும் தொலைச்சதுதான் மிச்சம். அதேபோல, தெரியலைன்னா இல்லைன்னும் சொல்லிர முடியாது. இடது மேலறையில காது மாதிரி ஒரு பை இருக்கு. அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ரத்தக்கட்டியை நெஞ்சு மேல வச்சுப் பாத்தா பெரும்பாலும் பிடிக்க முடியாது. உணவுக்குழாய்க்குள்ள புரோபை இறக்கித்தான் பாக்கணும்.

இந்த மெஷினோட பூர்வீகக் கதையும் நல்லாருக்கும். சுவீடன்ல லுண்ட் ஊர்ல இங்க எட்லர்னு ஒரு டாக்டர் (இங்கேங்கிறது அவர் பேருங்க!), ஹெல்முத் ஹெர்ட்ஸ்னு ஒரு இயற்பியல்காரர். மால்மோ கப்பல் கட்டும் தளத்துல உலோகத்துல விரிசல் இருக்கான்னு பாக்குற ஒலிக்கருவியை ஹெர்ட்ஸ் முதல்ல கடன் வாங்கி, நெஞ்சு மேல வச்சுப் பாத்தார். அப்புறம் சீமென்ஸ் கம்பெனி கருவி ஒண்ணு கைக்கு வந்து, 1953 அக்டோபர் 29 அன்னைக்கு இதயத்தோட எதிரொலியைப் பதிவு பண்ணினாங்க. அதே நாட்டுல 1954-ல கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதன்முறையா ஒரு மேலறை மிக்ஸோமாவை வெற்றிகரமா வெட்டி எடுத்தார். 1959-ல ஜெர்மனியில எஃபெர்ட் குழு இடது மேலறைக் கட்டியை ஒலியாலேயே கண்டுபிடிச்சு எழுதினாங்க. அப்போ படம்கூடக் கிடையாது, வெறும் கோடுகள்தான். 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்குப் போன்ல செருகுற மாதிரியே புரோப் வந்துருச்சு. அப்புறம் ஏன் எல்லா எமர்ஜென்சியிலும் ஒண்ணு இல்லை?

விலைன்னு நினைச்சேன். பயிற்சின்னும் நினைச்சேன். ரெண்டும் உண்மைதான். இந்தியாவுல அவசர சிகிச்சை மருத்துவத்தைத் தனி மேற்படிப்பா மருத்துவக் கவுன்சில் ஏத்துக்கிட்டதே 2009-லதான். ஆனா டாக்டர் மூணாவதா ஒண்ணு சொன்னார். அது எனக்கு உறைக்கலை, சித்தி சொன்னப்புறம்தான் உறைச்சுது.

ஸ்கேன் சென்டர் வாசல்ல எல்லாம் ஒரு போர்டு பாத்திருப்பீங்க. கருவுல இருக்கிறது ஆணா பெண்ணான்னு இங்க சொல்றதில்லை, அது சட்டப்படி குற்றம்னு. 1994-ல சட்டம் வந்து, 1996-லேருந்து அமலாகி, 2003-ல இன்னும் இறுக்கினாங்க. மெஷினைப் பதிவு பண்ணணும், பாக்குறவங்களும் தகுதியோட பதிவு பண்ணியிருக்கணும். கையில தூக்கிட்டுப் போற மெஷினை எங்க, யாருக்கு வைக்கலாம்னு 2012-ல தனியா விதி போட்டாங்க. பதிவான இடத்துக்குள்ள, உள்நோயாளிகளுக்கு, இல்லாட்டி நடமாடும் மருத்துவ வண்டியில. டியூட்டி டாக்டர் பாட்டுக்கு பையிலேருந்து எடுத்து வச்சுப் பாத்துர முடியாது. அன்னைக்கு டாக்டரம்மா மட்டும் அங்க இல்லாம இருந்திருந்தா? நினைக்கவே பயமா இருக்கு.

எஞ்சினியர் புத்தி உடனே எகிறுச்சு. இதயத்தைப் பாக்குறதுக்கு எதுக்குய்யா இந்தச் சட்டம், வேஸ்ட்டு, மாத்தணும்! ஊருக்கு வந்து சித்திகிட்டயும் இதையே பேசினேன். சித்தி மாடிப்படியில உட்கார்ந்து, நெஞ்சுல தையல் போட்ட இடத்துல கையை வச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

அப்புறம் சொன்னாங்க. "மூத்தது ரெண்டும் பொட்டப்புள்ளையா? மூணாவது இவ வயித்துல இருக்கா. ஒரு எடத்துல ஸ்கேன் பண்ணிச் சொல்லுதாவன்னு என்னைக் கூட்டிட்டுப் போனாவ. பஸ்ஸு நின்ன எடத்துல எறங்கி, எதுத்தாப்ல வந்த பஸ்ஸுல ஏறி ஒங்கம்மா வீட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு மாசம் அங்கனதான் கெடந்தேன். அதுலேருந்து ஸ்கேன்னு சொன்னாலே எனக்குக் காலு நடுங்கும்யா. அந்தச் சீட்ட அதான் உள்ள வச்சுட்டேன்."

அப்பவே சட்டம் இருந்துச்சு. சட்டம் இருந்தும் அப்படி ஒரு இடம் இருந்துச்சு. 1992-ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம்னு அரசாங்கமே தொட்டில் கட்டி வைக்க வேண்டியிருந்த மாநிலம் இது.

எனக்கு அப்போ நாலு வயசு. சித்தி எங்க வீட்டுல இருந்தது ஞாபகம் இருக்கு. ராத்திரி எனக்குக் கதை சொன்னாங்க. ஏன் வந்தாங்கன்னு 24 வருஷம் எனக்குத் தெரியாது.

எதுவும் பேசத் தோணலை. உள்ள தங்கச்சி யார்கிட்டயோ போன்ல சண்டை போட்டுக்கிட்டிருந்தா. பஸ்ஸை விட்டு இறங்கினதால பிறந்தவ. "வலப்பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வைங்க"ன்னு அந்த ராத்திரி கத்தினவ. நான் காதுல போட்டுக்காததை அவ மூணு மாசமா மனசுல வச்சிருந்திருக்கா.

இப்பவும் எமர்ஜென்சி டாக்டர் கையில இந்த மெஷின் இருக்கணும்னுதான் நினைக்கிறேன். இதயத்தைப் பாக்கப் பயிற்சி கொடுத்து, அதுக்குன்னு பதிவு பண்ணி, கணக்குக் கேட்டு, கொடுக்க ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் வேணும். வழி இல்லாம இருக்காது. ஆனா அந்தச் சட்டத்தை இனிமே வேஸ்ட்டுன்னு சொல்ல என் வாய் வராது. பூட்டு எதுக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சவங்கதான் சாவியைப் பத்திப் பேசணும்.

இன்னொண்ணு. மெஷினா சித்தியைக் காப்பாத்துச்சு? அந்த மெஷின் அன்னைக்கு முன்னாடியும் அந்தக் கட்டிடத்துலதான் இருந்துச்சு. ஒரு பொண்ணு சொன்னதை ஒரு டாக்டர் காதுல வாங்கினதாலதான் அது பிரசவ வார்டை விட்டு உருண்டு வந்துச்சு. உள்ள என்ன தெரிஞ்சுதோ அதை மட்டும் எழுதி, தெரியாததை விட்டு வச்சதாலதான் மதுரையில நேரத்தை வீணாக்காம வேலையை ஆரம்பிக்க முடிஞ்சுது. எமர்ஜென்சியில ரெண்டு நிமிஷம் பாக்குறதால முடிவு கிடைக்காது. சரியான கேள்வி சீக்கிரம் கிடைக்கும். சித்திக்கு அது போதுமா இருந்துச்சு.

சித்தி மறுபடி கடைக்குப் போறாங்க. மூட்டை தூக்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ எடுக்கணும், சிலருக்குத் திரும்ப வரும்னு சொல்லியிருக்காங்க. முதல் வருஷ எக்கோவுக்கு நான் லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். ரூம் வாசல்ல அந்த போர்டு. சித்தி நின்னு எழுத்துக்கூட்டி முழுசாப் படிச்சாங்க. "நல்லதுதாம்ல எழுதிப் போட்ருக்கான்"னு சொல்லிட்டு உள்ள போனாங்க.

காத்திருந்த நேரத்துல என் போனை எடுத்து அந்தப் பழைய அழைப்பைத் தேடினேன். இருந்துச்சு. ஒரு நிமிஷம் 48 செகண்டு. அதை இன்னும் அழிக்கலை.

பி.கு. 1: வீட்டுல யாராவது மூச்சு வாங்குது, மயக்கம் வருதுன்னு சொன்னா, "எப்படி இருந்தா வருது, எப்படிப் படுத்தா போகுது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க சொல்றதை டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. நாமளா வைத்தியம் சொல்ல வேண்டாம். நான் சொன்ன வைத்தியம் எப்படின்னு மேலேயே பாத்துட்டீங்க.

பி.கு. 2: அந்த டாக்டருக்குக் கொடுத்த எலுமிச்சம்பழத்துல ஊறுகா போட்டுட்டாராம். நல்லா வந்திருக்காம் :-)